தாயார் இருக்கும் பக்கம்

கழுத்தில் போட்ட மாலை சரிந்து ஆதிகேசவனின் வலது மார்பை மறைத்தது. கடைக் கணக்குப்பிள்ளை முனிரத்தினம் பதறிப்போய் அதை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வழியனுப்ப என்று சொல்லி, சின்ன காஞ்சிபுரமே அந்த வலது மார்பைப் பார்க்கத்தான் வந்திருந்தது.

பட்டுக்கடை முதலாளி ஆதிகேசவனுக்கு இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்று தெரிந்து ஒரு மாதம் ஆகிறது. கோவில் இட்லியை ஒரு கை பார்த்த மறுநாள், நெஞ்சை அடைக்கிறது என்று உள்ளூர் டாக்டரிடம் போனார். பெரிய மனிதரைச் சட்டையைக் கழற்றச் சொல்ல டாக்டருக்குக் கூச்சம். ஜிப்பாவுக்கும் சரிகை அங்கவஸ்திரத்துக்கும் மேலேயே குழலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்.

படத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல, எல்லாம் பக்கம் மாறி இருந்தது. இதயம் வேறு வீங்கியிருந்தது. மெட்ராசுக்குப் போய்விடுங்கள், பைபாஸ் ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார் டாக்டர். கூடப் போய், தனக்கும் மூச்சு வாங்குகிறது என்ற மனைவி கிருஷ்ணவேணிக்கு வெறும் வாயு என்று சொல்லி ஓமத் திராவகம் கொடுத்து அனுப்பினார்.

ஆதிகேசவன் ஒரு நாள் முழுக்கப் பயந்தார். மறுநாள் முனிரத்தினம் வந்து, "பெருமாளுக்கும் வலது மார்புலதானே தாயார் இருக்காங்க முதலாளி?" என்றார். அதோடு பயம் போய்விட்டது.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் புடவைக்கு முன்னால் எக்ஸ்ரேயைப் பார்க்க வேண்டியிருந்தது. படம் மெட்ராசுக்குப் போன பிறகு சொல்லக் கேட்டார்கள். "பெரிய டாக்டரு எப்பவும் வலப்பக்கம் நின்னுதான் அறுப்பாராம்பா. எனக்காக அந்தாண்ட வந்து நிக்கப் போறாரு."

வழியனுப்புவதற்கு முன் கோவிலில் அர்ச்சனை நடந்தது. ஆதிகேசவன் பெயருக்கு மட்டும். வீட்டுப் பெண்களின் பெயரை நாலு பேர் நடுவில் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

கிருஷ்ணவேணி ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் தட்டு நழுவிக் கீழே விழுந்தது. சிவப்புத் தண்ணீர் படியெல்லாம் ஓடியது.

"கை மரத்துப்போச்சு" என்றாள், வேறு யாருடைய கையைப் பற்றியோ சொல்வதுபோல.

"காலையிலேர்ந்து தார் சுத்திக்கினு இருந்தா மரக்காம என்னமா பண்ணும்?" என்றார் முனிரத்தினம். வீட்டுத் தறிகளுக்குப் பட்டு நூலைக் குழலில் சுற்றித் தருவது முதலாளியம்மாதான். கூலி மிச்சம்.

அபசகுனம் என்பதால் ஆதிகேசவன் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். முனிரத்தினமும் கூட ஏறிக்கொண்டார். காரின் பின் சீட்டில் சாப்பாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் கிருஷ்ணவேணி உட்கார்ந்தாள். வாலாஜாபாத் தாண்டும்வரை அவர் தன் மார்பைப் பற்றிப் பேசினார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மாணவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பெரிய டாக்டர் வந்ததும், சட்டையைக் கழற்றுங்கள் என்றார். ஆதிகேசவனிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். குழலை வலப்பக்கம் வைத்தார். பிறகு இடப்பக்கம் வைத்தார். பிறகு நாள் முழுவதும் சோதனைகள் நடந்தன.

சாயங்காலம் டாக்டர் புதுப் படத்தோடு வந்தார்.

"உங்க இதயம் ஊர்ல எல்லாருக்கும் இருக்கிற பக்கம்தான் இருக்கு. அதுல ஒரு கோளாறும் இல்ல. வயித்துலதான் வாயு."

மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முனிரத்தினம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

"பழைய படத்துல என் பேரு போட்டிருக்குதே" என்றார் ஆதிகேசவன், சொத்தில் பங்கு கேட்க ஆள் வந்துவிட்டதுபோல.

"பேருக்கு ஆபரேஷன் பண்ண முடியாதுங்க. அந்த இதயம் ரொம்ப நாள் தாங்காது. யாருதுன்னு தெரிஞ்சா இப்பவே கூட்டிக்கிட்டு வாங்க."

கதவோரம் நின்றிருந்த கிருஷ்ணவேணி, மரத்த வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அன்னைக்கு என்னையும் படம் புடிச்சாங்க. என் பேரை இவரு சொல்லலீங்க. பேரு மட்டும்தாங்க இவரோடது."