எண்ணெய் மேல் விழுந்த பழி

"என் தம்பி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்ததுக்கு இவ வாணலிதான் காரணம்."

ஆஸ்பத்திரி வராண்டாவில், வருகிறவர் போகிறவர் காதிலெல்லாம் விழும்படி சொன்னாள் நாத்தனார்.

ஒரு மாதமாக இதே பாட்டு. பக்கத்து வீட்டார், தபால்காரர், யாரையும் விடவில்லை. எண்ணெயை ஊற்றி ஊற்றிப் பொரித்துப் போட்டே, நாற்பதுகூட ஆகாதவனைப் படுக்க வைத்துவிட்டாளாம்.

பழி சுமந்த தம்பி மனைவி எதையும் சிரித்துத் தள்ளுகிறவள்தான். இதைத் தள்ள முடியவில்லை. நிஜமாகவே என் கைதான் காரணமோ? கரண்டியைத் தொடும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கணவனை நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். அந்த இடைவெளியில் டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டாள்.

"உங்க சமையல் மேலயே மொத்தப் பழியையும் போடாதீங்கம்மா. அடிபட்டா வீங்குது இல்லையா? அது உடம்போட காவல். அந்தக் காவலுக்கு உத்தரவு போடற ஜீன்ல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு எழுத்து மாறியிருக்கு. சண்டை முடிஞ்சாலும் காவல்காரன் வீட்டுக்குப் போக மாட்டேங்கறான். ரத்தக்குழாயையே போட்டு அடிக்கறான்."

"எத்தனை எழுத்துல ஒண்ணு டாக்டர்?"

"முழு டி.என்.ஏ.வுலயும் சேர்த்து முந்நூறு கோடியில."

காலையில் கத்தி கீறிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேசாகச் சிவந்து வீங்கியிருந்தது. இந்தச் சுண்டுவிரலுக்குள்ளேயா இத்தனை காவலும் கட்டளையும்? மலைத்துப்போனாள்.

அதற்காக எண்ணெயும் சிகரெட்டும் சாது இல்லை, எரிகிறதை இன்னும் ஊதிவிடும் என்றார் டாக்டரம்மா. பிறகு, "அவர் அக்காகிட்ட அப்பவே சொன்னேனே, சொல்லலியா?" என்றார்.

வெளியே வந்தவள் நேராக நாத்தனாரிடம் போனாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதானா அண்ணி, என்னை ஊரெல்லாம் ஏசினீங்க?"

நாத்தனார் சோதனை அறைக் கதவைப் பார்த்துவிட்டு, முதல்முறையாகக் குரலை இறக்கினாள்.

"ரத்தத்துலயே இருக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா, நம்ம கையில என்ன இருக்குன்னு இன்னும் ரெண்டு தட்டு பொரிச்சுக் கேட்டிருப்பான். என் திட்டு அவனுக்குக் காத்துல போற பேச்சு. ஆனா உன்னை ஒரு வார்த்தை சொன்னா அவனுக்குப் பொறுக்காது. உனக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னுதானே இப்ப பொரிச்சதைக் கண்டாலே ஒதுக்கறான்? அவன் வாய் பழகிடுச்சு, இனிமே ரத்தத்துல இருக்கறதை டாக்டரே அவன்கிட்ட சொல்லட்டும்."

உண்மைதான். தட்டை அவனாகத்தான் நகர்த்தி வைத்தான். சிகரெட்டைத்தான் இன்னும் மாடியில் ஒளிந்து ஊதுகிறான்.

டாக்டரம்மா சொன்னபோது மலைத்ததைவிட, எதிரே நின்ற நாத்தனாரைப் பார்த்துக் கூடுதலாக மலைத்தாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவசரமாக நாத்தனாரின் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, சிகரெட்டையும் நான்தான் வாங்கிக் குடுக்கறேன்னு திட்டுங்களேன்."