எண்ணப்படாத கைகள்

போரில் தோற்று, மன்னர் ஓடிப்போன குளிர்காலம். நாடாளுமன்றத் தேர்தல் வேண்டுமா, தொழிலாளர் குழுக்களே ஆளட்டுமா என்று முடிவெடுக்க ஆலைத் தொழிலாளர் குழு கூடியிருந்தது. வாக்குரிமை கேட்டுச் சிறை சென்ற ஹெட்விக்தான் தலைவி.

"தேர்தல் வேண்டாங்கறவங்க கையத் தூக்குங்க" என்றபடி, மன்னருக்கு எதிராகக் கலகம் செய்த மாலுமி எமில் நீட்டிய துப்பாக்கியோடு வரிசைகளுக்கிடையே நடந்தான். கைகள் மளமளவென்று உயர்ந்தன. ஹெட்விக் எண்ணவில்லை.

"துப்பாக்கிய வெளிய வச்சிட்டு வாங்க தோழர். மறுபடி கேப்போம்."

"இது ஜனங்களுக்காக ஏந்தினது."

"அப்ப ஏன் அவங்க பக்கமே நீட்டுறீங்க?"

எமில் அவள் மேசையருகே வந்து நின்றான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பின்வரிசையில் நெசவுக்காரி ஒருத்தி தூக்கிய கையை இறக்கினாள். யாரென்று பார்க்க எமில் திரும்பினான். அதற்குள் இன்னொரு கையும் இறங்கியிருந்தது.