ஊருக்குப் போன ஜன்னல்

பணி ஓய்வுக்குப் பிறகு சொற்களின் பூர்வீகம் தேடும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. "ஜன்னல் போர்த்துகீசியச் சொல்" என்று ஒருநாள் உரக்கச் சொன்னேன். உடனே ஜன்னல் சுவரிலிருந்து கழன்று, கடல் பக்கமாகப் பறந்துவிட்டது. அந்தக் குஷியில் மேஜை, அலமாரி, சாவி என்று எல்லாவற்றையும் அவற்றின் ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

"அலமாரியோட என் பட்டுப்புடவையெல்லாம் போச்சு! வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்று திட்டித் தீர்த்த மனைவி பரிமளா, வெறுந்தரையில் என்னருகே உட்கார்ந்தாள். பிறகு ஆசையாகக் கேட்டாள்: "ஆமா, என் பேரு எந்த ஊருதுங்க?"

எனக்குத் தெரியும். இந்த ஊர்ச் சொல் அல்ல அது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, பெரிய பண்டிதரு!" என்று அவள் சிரிக்கிறாள். என் வாய் தானாகத் திறக்கிறது.