இதுல யாரு தங்கச்சி?

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, சுகர் எல்லாம் அடங்கி இருக்கா? எனக்கு இருமல் இன்னும் விடல. இருமிக்கிட்டேதான் அன்னிக்கு கதவைத் திறந்தேன்.

வெளிய கார்ப்பரேஷன்காரர் கோவிந்தப்பா நிக்கிறாரு. வீட்டு வரி, நாங்க இங்க கந்தாயம்னு சொல்லுவோம், அதை வீடு வீடா வந்து சரி பார்க்கிறவரு.

மொட்டைத் தலை. இப்பதான் முடி முள்ளு முள்ளா வருது. திருப்பதி போயிட்டு வந்திருப்பாருன்னு நினைச்சேன்.

மாடி ஏறினதுல பாவம், மூச்சு வாங்குது.

"இங்க பாடிகைக்கு யாராவது இருக்காங்களாம்மா?"

அவருக்கு வாடகைன்னு வாயில வராது, கன்னடக்காரரு.

இருக்காங்க. நான்தான். மர்பி டவுன்ல இந்த மாடி ரூமுக்கு என் பேத்தி பொறந்த வருஷம் வந்தேன், அவ இப்ப காலேஜ் போறா. வீடு கீழ இருக்கிற யசோதாக்காவோடது.

ஆனா அதைச் சொல்ல முடியாது.

ஓனரே குடியிருந்தா ஒரு கந்தாயம். அதே ரூமை வாடகைக்கு விட்டா அதைப் போல ரெண்டு பங்கு. அதே செவுருதான், மழை வந்தா அதே மூலைதான் ஒழுகுது.

யசோதாக்கா புருஷனோட பென்ஷன்ல காலம் தள்றவங்க. ஜாஸ்தியா வந்தா என் வாடகை மேலதான் வைக்கணும். இப்பக் குடுக்கிறதுக்கே நான் உக்காந்து பூ கட்டறேன். ஏத்துனாங்கன்னா ஹெப்பகோடியில மக வீட்டு ஹால்ல போய்ப் படுக்கணும். அங்க மாப்பிள்ளை தூங்கினாலும் டிவி தூங்காது.

எதிர் பங்களாவுல நாய்க்கே தனி ரூமு. ஓனரே இருக்காங்க, அதனால கொறைஞ்ச ரேட்டு. சொந்தமா ஒரு செங்கல் கூட இல்லாதவ தலை மேலதான் ஜாஸ்தி ரேட்டு. இது என்ன நியாயம்னு யாரைக் கேக்கறது? கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப் போச்சு.

அதான், யாராவது வந்தா கூடப் பொறந்தவங்கன்னு சொல்லிடணும்னு நானும் யசோதாக்காவும் முன்னாடியே பேசி வச்சிருந்தோம்.

"வாடகையெல்லாம் இல்லைப்பா. கீழ இருக்கிறது என் கூடப் பொறந்தவங்க."

அதுக்குள்ள படியில சத்தம். யசோதாக்கா முழங்கால்ல கை வச்சு வச்சு மேல வராங்க.

"யாருக்கா அது?"

"கார்ப்பரேஷன்லேர்ந்துக்கா."

யசோதாக்கா முகம் மாறல. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கோவிந்தப்பா படிக்குக் கீழ கையைக் காட்டினாரு.

"ரெண்டு கரண்ட் மீட்டர் இருக்கே?"

"அக்கா தங்கச்சின்னா கரண்ட் பில்லுலதான்ப்பா சண்டையே வரும். அதான் பிரிச்சுட்டோம்"னாங்க யசோதாக்கா.

அவங்க பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. சொன்னா இவ்ளோ நல்லா வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

சரின்னு எழுதப் போனாரு. பேனா பாதியில நின்னுடுச்சு.

"அவங்க உங்களை அக்காங்கறாங்க. நீங்க அவங்களை அக்காங்கறீங்க. இதுல யாரு தங்கச்சி?"

"நான்தான்."

ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னோம்.

அதை மட்டும் பேசி வைக்கல. வீட்டுக்காரம்மாவாச்சேன்னு நான் அவங்களை அக்கான்னேன். மரியாதைக்கு அவங்க என்னை அக்கான்னாங்க. அப்படியே ஓடிப் போச்சு. யாருக்கு வயசு ஜாஸ்தின்னு ஒரு நாளும் கேட்டுக்கல. எந்தப் பொம்பளை கேப்பா?

எனக்கு ஹெப்பகோடி டிவி சத்தம் காதுல கேக்க ஆரம்பிச்சுது.

அவரு சிரிக்கல, கோவப்படவும் இல்லை. கொஞ்சம் தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு சொம்பை மடியில வச்சுக்கிட்டு படியிலேயே உக்காந்தாரு.

"பீன்யாவுல நானும் பாடிகை வீடுதான்மா. எங்க ஓனர் கந்தாயத்துல என்னைத் தம்பின்னு காட்டியிருக்காரு."

"பரவாயில்லையே, உங்களுக்கு ஒரு அண்ணன் கிடைச்சாரு"ன்னாங்க யசோதாக்கா.

அவரு மொட்டையைத் தடவிக்கிட்டாரு.

"போன மாசம் அந்த ஓனரோட அம்மா போயிட்டாங்க. துக்கத்துக்கு சும்மா போய் நின்னேன். பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காருங்கன்னு முடி எடுக்கறவர் கூப்பிட்டாரு. பார்த்தா, நான் தம்பின்னு நம்பி அந்தக் கந்தாயத்துல கையெழுத்துப் போட்ட எங்க ஆபீஸர் மாலையோட அங்க நிக்கிறாரு. நான் என்ன பண்ண? நானும் போய் உக்காந்துட்டேன்."

எனக்கு சிரிப்பு வந்து இருமலாப் போச்சு.

"உக்காந்தப்புறம் அழுகை வந்துடுச்சும்மா. நிஜமாவே. எங்க அம்மா போனப்போ நான் ஊர்ல இல்லை, கடைசி மகன், யாரும் கூப்பிடக் கூட இல்லை."

சொம்பைப் படியில வச்சாரு.

அவரு எழுந்தாரு. ஓனரே குடியிருக்காங்கன்னு எழுதி, எங்க ரெண்டு பேருக்கும் தெரியற மாதிரி காட்டினாரு.

"அடுத்த தடவை வேற ஆள் வரலாம். அதுக்குள்ள யாரு தங்கச்சின்னு பேசி முடிச்சு வைங்க."

அவரு கேட்டைச் சாத்திட்டுப் போனதும் யசோதாக்கா அதே படியில உக்காந்தாங்க.

"நீங்க எப்பப் பொறந்தீங்கக்கா?"

"சீனா சண்டை நடந்தப்போன்னு எங்க அம்மா சொல்லும்."

"அப்ப நான்தான் தங்கச்சி. நான் பாகிஸ்தான் சண்டைக்குப் பொறந்தவ." அதுல அவங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அந்தக் காலி சொம்பைக் கையில எடுத்தாங்க. "நான் போனா நீங்க தலை முழுகணும், தெரியுமில்ல?"

"நான் இருக்கும்போதே நீங்க என்னைத் தலை முழுகிடாதீங்க. அது போதும்"னேன்.

அவங்க எழுந்து சொம்பைக் கழுவி உள்ள கவுத்துட்டு, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு கீழ எறங்கினாங்க.

இங்க பேரையெல்லாம் மாத்தித்தான் போட்டிருக்கேன். உங்க வீட்டுக் கந்தாயத்துல நீங்க யாருக்கு யாரு? நீங்களும் பேரைப் போடாம கீழ எழுதுங்க.