தாயில்பட்டியில் நின்ற பேண்டு

"என் பேரைத் திருடிப் பொழைக்கிறானே, அவனெல்லாம் ஒரு மனுசனா?"

சாத்தூர் ஜெயஹிந்த் பேண்டு செட் மாஸ்டர் சங்கிலிமுத்து இந்தக் கேள்வியை ஒரு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கடையில் கேட்டார். சலூனில் கேட்டார். கேட்க ஆள் கிடைக்காத நாளில் பெண்டாட்டி மூக்கம்மாளிடம் கேட்டார்.

சுதந்திரம் வந்த வருசம் ஆசை ஆசையாக வைத்த பேர் அது. பெரிய டிரம்மில் வட்டமாக எழுதி, நடுவில் கொடியும் வரைந்திருந்தார். பதினோரு வருசம் கழித்துத் திருத்தங்கல்லில் செல்லச்சாமி என்று ஒருவன் முளைத்தான். அதே பேர், அதே சிவப்புக் கோட்டு, அதே தொப்பி. வயிறு எரியுமா எரியாதா?

சங்கிலிமுத்து பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டார்.

"பேரை அழிலே!"

"நாடே சொல்ற பேருண்ணே இது. ஒங்களுக்கு மட்டும் பட்டா போட்டாக் குடுத்திருக்காக?" என்று செல்லச்சாமி சிரித்தான். "வெயில்ல வந்திருக்கீக, காப்பி சாப்பிடுங்க."

"ஒன் காப்பியில என் செருப்பைக் கூடக் கழுவ மாட்டேன்!"

அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

அந்த மார்கழியில்தான் சங்கிலிமுத்து தலையில் இடி விழுந்தது. தம்பி சோலைச்சாமி அவருடைய பேண்டில் டிரம் அடிப்பவன். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்று பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அங்கே நடந்த வெடி விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இப்போது சங்கிலிமுத்து வீட்டில்.

துக்கம் என்று வீட்டில் உட்கார முடியுமா? மாசியில் தாயில்பட்டியில் ஒரு கல்யாணம். முன்பே ஒத்துக்கொண்டது. போனார்.

தாலி கட்டி முடிந்து, பட்டப்பகலில் பெண் மாப்பிள்ளை ஊர்வலம். சங்கிலிமுத்து கிளாரினெட் ஊதிக்கொண்டு முன்னால் நடந்தார். பட்டாசு செய்கிற ஊரில் வெடி இல்லாத ஊர்வலம் உண்டா? யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்தி அவர் காலடியிலேயே போட்டார்கள்.

அவ்வளவுதான். கிளாரினெட் ஒரு பக்கம் விழுந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தம்பி... தம்பி..." என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். அந்த வெடிச்சத்தத்தில் அவர் சொன்னது யார் காதில் விழும்? மாஸ்டர் உட்கார்ந்ததும் பேண்டு நின்றுபோயிற்று.

ஊர்வலத்தில் வாத்தியம் பாதியில் நிற்பது சின்ன விசயமா? பெண் வீட்டார் தலையில் அடித்துக்கொண்டார்கள். அபசகுனம் என்று ஒருத்தி ஆரம்பிக்க, ஊரே பிடித்துக்கொண்டது. 'ஜெயஹிந்த் பேண்டு வச்சா கல்யாணம் வெளங்காது' என்ற பேச்சு பஸ்ஸை விட வேகமாகச் சாத்தூர் வந்து சேர்ந்தது.

ஒரு மாசம் ஒரு ஆள் அவர் வாசல்படி மிதிக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் காலை, சிவகாசி பட்டாசுக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரை வந்து இறங்கினார். வைகாசியில் அவர் மகள் கல்யாணம். அதற்கு வாசித்தால் பேண்டு பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் பேண்டைக் கலைக்க வேண்டியதுதான். பேண்டில் இருக்கும் எட்டு பேரும் சோலைச்சாமி போன இடத்துக்கே வேலைக்குப் போக வேண்டும்.

"வாங்க மொதலாளி, இருங்க."

"இருக்கேன். நேராவே கேக்கேன் மாஸ்டர். தாயில்பட்டிக்காரங்களுக்குப் பேண்டு பேருதான் தெரியுது. கோட்டும் தொப்பியும் போட்டா எல்லாப் பேண்டுக்காரனும் ஒரே மூஞ்சிதான? அன்னைக்கு நின்னது ஒம்ம வாத்தியமா, திருத்தங்கல்காரன் வாத்தியமா?"

கதவோரம் நின்ற மூக்கம்மாள் அவரையே பார்த்தாள். உள்ளே தம்பி குழந்தை அழுதது.

"நாங்க இல்ல மொதலாளி. அது திருத்தங்கல்காரன். பேரைத் திருடுனவன் வாத்தியத்தை மட்டும் ஒழுங்கா வாசிப்பானாக்கும்?"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மூக்கம்மாள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

முதலாளி சிரித்தார். "திருடன் திருடன்னு ஏன் சொல்லுதீரு? சரக்கு விசயமாப் போனப்ப கொழும்புல ஒரு ஜெயஹிந்த் பேண்டைப் பாத்தேன். பினாங்குல ஒண்ணு. தென்னாப்பிரிக்காவுல கூட ஒண்ணு இருக்குதாம். நம்மாளு போன ஊருக்கெல்லாம் இந்தப் பேரும் போயிருக்கு. ஒருத்தனை ஒருத்தன் திருடன்னா சொல்லிக்கிடுறான்? விடும். இந்தாரும், வெத்தல பாக்கைப் பிடியும். வைகாசி பதினெட்டு."

சங்கிலிமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது.

"என் வார்த்தைய நம்புனீகளே, அது போதும் மொதலாளி."

"ஒம்ம வார்த்தைய நம்பியா வந்தேன்? எம் மக கல்யாணம்யா! நேத்தே திருத்தங்கல் போயி அந்தச் செல்லச்சாமிகிட்டயே கேட்டுட்டேன். இருந்தாலும் ஒம்ம வாயாலயும் ஒருதரம் கேட்டுக்கிடுவோம்னு பாத்தேன்."

"அவன்... என்ன சொன்னான்?"

முதலாளி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"'எங்க வாத்தியந்தான் மொதலாளி நின்னுபோச்சு. சாத்தூர் அண்ணன், தம்பியப் பறிகுடுத்துட்டு நிக்கிறாக, அவுக மேல பழியப் போட்டுறாதீக'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான்."