டயாலிசிஸ் வார்டுக்கு முன்

நர்சிங் படிக்கும் ஜெபராணியின் கண்கள் எந்த வரியில் நிற்கின்றன என்பது கல்லூரிப் பாடச் செயலி உள்ள அவள் மொபைலுக்குத் தெரியும். சிறுநீரகச் செயலிழப்புப் பாடத்தில் அவை நாள்கணக்கில் நின்றன. அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்ட மொபைல் எளிய தமிழில் விளக்கியது. பிறகு படம் காட்டியது. கடைசியில், சிறுநீரகம் சிரித்துப் பேசும் கார்ட்டூன் ஒன்றைப் போட்டது. அவள் மொபைலைக் கவிழ்த்து வைத்தாள்.

மாணவர்கள் திணறும் இடமெல்லாம் கல்லூரி நூலகர் கோமதிநாயகத்தின் திரைக்கும் வரும். அவர் அவளை அழைத்தார்.

“உனக்குப் புரியலன்னு இது சொல்லுது. எனக்கு அப்படித் தோணலம்மா. என்ன விஷயம்?”

“எங்க அப்பா இதுலதான் சார் இறந்தாங்க. போன மாசம்.”

அவர் தன் திரையில் அவளுக்குப் போகும் விளக்கங்களை எல்லாம் நிறுத்தினார்.

“நீ கண்ண மூடிக்கோ, நான் வாசிக்கேன். கஷ்டமா இருந்தா சொல்லு, நிறுத்திக்கிடுதேன்.”

நடுவில் அவள் அழுதாள். அவர் காத்திருந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.

பயிற்சிக்கு வார்டு பிரித்தபோது டயாலிசிஸ் பிரிவை ஜெபராணி தானே கேட்டு வாங்கினாள். கிளம்புமுன் நூலகத்துக்குப் போய் அவர் மேசையருகே நின்றாள்.

“அங்க போக இப்ப பயமா இல்ல சார். நீங்க கூடவே இருந்து வாசிச்சீங்கல்லா, அதான்” என்றாள்.