கிழக்குப் பக்கச் சுவர்

“கிழக்குப் பக்கம் ஜன்னலே வேண்டாம்” என்றார் அவர்.

தோட்டத்து மூலையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, அறையின் அளவைக் காட்டிக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்தார்.

“சார், வெளிச்சமே அந்தப் பக்கம்தான். ரோஜாச் செடியும் அங்கதான் இருக்கு. ஒரு ஜன்னல் வெச்சா உட்கார்ந்த இடத்துலேயே பூவைப் பார்க்கலாம்.”

“பூ பார்க்கவா ரூம் கட்டுறேன்? வயலின் வாசிக்க. சத்தம் ஒரு பொட்டு வெளிய போகக் கூடாது. அதுக்கு என்ன போடணுமோ அதைச் சொல்லுங்க.”

தச்சர் கொண்டுவந்திருந்த மாதிரிகளைப் புல்லின் மேல் பரப்பினார். தேக்கு, ப்ளைவுட், சிமென்ட் பலகை, மஞ்சள் கம்பளி போலச் சுருட்டிய கண்ணாடிப் பஞ்சு.

“ரெண்டு பலகைக்கு நடுவுல இந்தப் பஞ்சு ஒரு அடுக்கு போட்டாலே தாராளம் சார்.”

“மூணு அடுக்கு போடுங்க. கதவு?”

“ஒத்தைக் கதவு. ஓரத்துல ரப்பர் ஒட்டிடலாம்.”

“ரெட்டைக் கதவு.”

“காத்துக்கு ஒரு சின்ன ஓட்டையாவது விடட்டுமா?”

“அது வழியா சத்தம் போகாதா?”

“போகும்தான்.”

“அப்ப வேண்டாம்.”

தச்சர் தலையைச் சொறிந்தார். “அப்ப மூச்சு விட மட்டும் அப்பப்ப வெளிய வந்துட்டுப் போங்க சார்.”

டீயோடு வந்த மனைவி சிரித்துவிட்டாள். “நல்லா சொல்லுங்க தம்பி. வாசிக்க ரூம் கட்டச் சொன்னா, இரும்புப் பெட்டி செய்யச் சொல்றார்.”

“உனக்கென்ன, சிரிப்பே. டமாரம்மாகிட்ட தினமும் அறை வாங்குறது நான்தானே?”

டமாரம்மா என்பது, கிழக்கே அடுத்த வீட்டில் இருக்கும் தையல்கார அம்மாவுக்கு அவர் வைத்த பெயர்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு வயலின் கற்க ஆரம்பித்தவர் அவர். சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து வில்லைத் தந்தியில் வைத்ததும், அந்த வீட்டில் கடகடவென்று ஓடும் தையல் மிஷின் சட்டென்று நிற்கும். அடுத்த நொடி, கொடி படர்ந்த மதிலுக்கு அப்பால் ஜன்னல் அதிரும்.

டமார்!

இப்படியா ஒரு மனுஷன் முகத்தில் அறைந்த மாதிரி ஜன்னலைச் சாத்துவார்கள்? வாசலில் எதிர்ப்பட்டாலும் அந்த அம்மா சிரித்ததில்லை. உதடுகளுக்கு நடுவே எப்போதும் நாலைந்து குண்டூசி. இறுகிய வாய்.

சவரம் செய்யும்போதுகூட அவருக்கு அதே யோசனைதான். அவ்வளவு மோசமாகவா வாசிக்கிறேன்? மோசம்தான் போல. ஆரம்பத்தில் பூனை வாலை மிதித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் இப்போதெல்லாம், எப்போதாவது ஒரு ஸ்வரம் சரியாக விழும்போது உடம்பே லேசாகிப்போகிறதே, அதை எப்படி விடுவது?

அதனால்தான் இந்த அறை. இதையும் மீறி அந்த ஜன்னல் அதிர்ந்தால், வயலினை வாத்தியாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

“என்னங்க...” மனைவி கண்ணால் ஜாடை காட்டினாள்.

மதிலுக்கு மேலே டமாரம்மாவின் தலை. வாயில் குண்டூசிகள்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பட்டையில் குத்தினார். பிறகு தச்சரைப் பார்த்தார்.

“தம்பி, இங்க வேலை முடிஞ்சதும் எங்க வீட்டு ஜன்னலைக் கொஞ்சம் இழைச்சுக் குடுத்துட்டுப் போறியா?”

இன்னும் இறுக்கமாகச் சாத்துவதற்கா? தச்சர் பதில் சொல்வதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“அதுக்கு அவசியமே இருக்காதும்மா. உங்க பக்கம் மூணு அடுக்குப் பஞ்சு வெச்சுச் சுவர் எழுப்பப் போறோம். ஜன்னலும் கிடையாது. இனிமே நான் வாசிக்கிறது உங்களுக்குக் கேட்கவே கேட்காது.”

“கேட்கவே கேட்காதா?”

“கொஞ்சம்கூட!”

இப்போதாவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

“அப்ப இழைக்க வேண்டாம் தம்பி” என்றார் மெதுவாக. “மழையில ஊறி உப்பிப்போன ஜன்னல். ஓங்கி ஒரு குத்து விட்டாத்தான் திறக்கும். சார் வாசிக்க ஆரம்பிச்சதும், இடைஞ்சலா இருக்கக் கூடாதேன்னு மிஷினை நிறுத்திட்டு, தினமும் அதோட மல்லுக்கட்டித் திறப்பேன். இனிமே அதைத் திறந்து என்ன ஆகப்போகுது?”

மனைவிதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து டீயைப் புல்லில் கொட்டினாள்.

அவர் காலால் கிழக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டார்.

“இந்தப் பக்கம் ஜன்னல் வெச்சுடுங்க.”

“எவ்வளவு பெரிசு சார்?”

“சுவர் எவ்வளவோ அவ்வளவு. அதெல்லாம் அப்புறம். முதல்ல போய் அம்மாவோட ஜன்னலை இழைச்சுக் குடுங்க.”

அன்று சாயங்காலம் அவர் வில்லைத் தந்தியில் வைத்தார். மிஷின் நின்றது.

காத்திருந்தார். டமார் வரவில்லை.

இரண்டு வரி வாசித்துப் பார்த்தார். அப்போதும் சத்தமில்லை. ஒருவேளை இனி கேட்க விருப்பமில்லையோ? கோபமோ? இல்லை, இன்றைக்கு நிஜமாகவே மோசமாக வாசிக்கிறேனா? வில்லைக் கீழே இறக்கினார்.

மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க? ஜன்னல் திறந்துதான் இருக்கு!”